டி.வி. காட்டாத பள்ளம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா நேஷனல் என்றொரு கோல்ஃப் மைதானம். முதல்முறை அங்கே போய்விட்டு வருகிறவர்கள் பூக்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்வார்கள். ‘இவ்வளவு மேடு பள்ளமா? டி.வி.யில் தெரியவே இல்லையே!’

தெரியாதுதான். தூரத்தில் நின்று பெரிய லென்ஸ் போட்டு எடுக்கிற கேமரா, முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். மலைச்சரிவு பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். ஆண்டுதோறும் ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் இந்த மைதானத்தின் பத்தாவது குழியில், ஆட்டம் தொடங்கும் டீ மேடைக்கும் கொடி நிற்கும் கிரீனுக்கும் உயர வித்தியாசம் நூறு அடிக்கும் மேல். தூரம் 495 கெஜம். பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் கீழே கிடக்கிற நாலேகால் அங்குலக் குழிக்குக் குறிவைக்க வேண்டும்.

கோல்ஃப் பார்த்துப் பழகாதவர்களுக்காக ஒரு சுருக்கம். மொத்தம் 18 குழிகள். ஒவ்வொன்றையும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அதன் பெயர் பார். ஒரு அடி குறைத்து முடித்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி. நான்கு நாள் ஆட்டத்தில் குறைந்த அடிகளில் முடித்தவர் ஜெயித்தவர். இது தெரிந்தால் போதும்.

அகஸ்டாவின் பத்தாவது குழிக்கு பார் நான்கு. கீழ்நோக்கி அடிக்கிற அடிதானே, பந்து தானாக உருண்டு போய்விடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மாஸ்டர்ஸ் வரலாறு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பதினெட்டுக் குழிகளில் ஆட்டக்காரர்களை அதிகம் படுத்தியது இதுதான். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே சராசரியாக நாலேகால் அடிக்கு மேல் எடுக்கிறார்கள்.

இறக்கம் தருவதும் பிடுங்குவதும்

டிரைவர் மட்டையில் அடிபட்ட பந்து, தொழில்முறை ஆட்டக்காரர்களின் கையில், கிட்டத்தட்ட நாற்பது டிகிரிச் சாய்வில் தரைக்கு வருகிறது. செவன் அயர்ன் போன்ற இரும்பு மட்டையில் அடித்தால் சாய்வு ஐம்பது டிகிரியைத் தொடும். இரண்டுக்கும் நடுவே நாற்பத்தைந்து என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. தரை எவ்வளவு தாழ்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் பந்து கூடுதலாகப் போகும். மூன்றடி இறக்கத்துக்கு ஒரு கெஜம். ஏற்றம் என்றால் அதே அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். கோல்ஃப் மைதானங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் சூத்திரம் இது.

சூத்திரம் சரி, ஆனால் அது தூரத்தை மட்டும்தான் பார்க்கிறது. பள்ளத்தை நோக்கி அடித்த பந்து கூடுதல் நேரம் ஆகாயத்தில் இருக்கிறது. காற்று அந்தப் பந்தைத் தள்ள அவ்வளவு நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. மட்டை லேசாகத் திரும்பிப் பட்டதால் பந்து வளைகிறது என்றால், அந்த வளைவும் அவ்வளவு நேரம் கூடுதலாக வளர்கிறது. சமதரையில் புல்வெளி ஓரத்தில் விழுந்திருக்க வேண்டிய பந்து, இங்கே மரங்களுக்குள் போய் விழும். இறக்கம் தூரத்தை இனாமாகக் கொடுத்துவிட்டு, தவறுக்கு வட்டி போடுகிறது.

அடுத்தது கால். சமதளத்தில் பழகிய உடம்புக்குச் சரிவு ஒரு தொந்தரவு. பந்து கால்களைவிட உயரத்தில் கிடந்தால், வலக்கை ஆட்டக்காரரின் அடி இடப்பக்கம் இழுக்கும். தாழ்வில் கிடந்தால் வலப்பக்கம் நழுவும். முன்கால் பள்ளத்திலும் பின்கால் மேட்டிலுமாக நிற்க நேர்ந்தால் பந்து தாழப் பறக்கும், விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும்.

பத்தாவது குழியில் இவை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஃபேர்வே எனப்படும் புல்பாதை கீழே இறங்குவதோடு வலமிருந்து இடமாகவும் சரிகிறது. முதல் அடியை வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் வளைத்தால், பந்து சரிவைப் பிடித்துத் துள்ளி, பல பத்துக் கெஜம் சும்மா கிடைக்கும். நேராகவோ வலப்பக்கமாகவோ போனால் பந்து மேட்டிலேயே தங்கிவிடும், அடுத்த அடிக்கு நீளமான மட்டையைத்தான் எடுக்க வேண்டும். பேராசைப்பட்டு அதிகமாக வளைத்தாலோ, இடப்பக்கம் பைன் மரக்காடு. சரி, முதல் அடி நன்றாகவே விழுந்தது என்று வையுங்கள். இரண்டாவது அடிக்கு இறங்கு சரிவில் நிற்கிறீர்கள். இறங்கு சரிவில் பந்து தாழத்தான் பறக்கும். கிரீனோ எதிரே ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பந்து உயரப் பறந்து மெத்தென்று இறங்கினால்தான் அங்கே நிற்கும்.

இத்தனைக்கும் நடுவே விதிப்புத்தகம் ஒரு குறும்பு செய்கிறது. 2019-ல் திருத்தி வெளியான கோல்ஃப் விதிகளின்படி, தூரத்தை அளக்கும் கருவியைப் பொதுவாகப் பயன்படுத்தலாம். உயர வித்தியாசத்தை அளக்கக் கூடாது. கையில் இருக்கும் லேசர் கருவிக்குச் சரிவைக் கணக்கிடத் தெரியும் என்றாலும், ஆட்டத்தின்போது அந்த வசதியை அணைத்து வைக்க வேண்டும். பயன்படுத்தினால் முதல்முறை இரண்டு அடி தண்டம், இரண்டாம் முறை போட்டியை விட்டே வெளியே. முந்தைய நாள் பயிற்சியில், ஆட்டக்காரரின் மட்டைப்பையைச் சுமந்து யோசனை சொல்லும் உதவியாளரான கேடி அளந்து நோட்டில் குறித்து வைத்துக்கொள்வதற்குத் தடையில்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு கண், கால், அனுபவம், இவைதான் கருவி. ஒளிவேகத்தில் தூரத்தை அளக்க அனுமதிக்கிற விளையாட்டு, மேடு பள்ளத்தை மட்டும் மனிதனே கணிக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் புத்தகத்திலேயே புத்திசாலித்தனமான விதி இதுதான்.

மலை ஏறக் கூடாது என்ற டாக்டர்

அகஸ்டாவை வடிவமைத்தவர்கள் இருவர். ஒருவர் பாபி ஜோன்ஸ், அந்தக் காலத்தின் ஈடு இணையற்ற ஆட்டக்காரர். இன்னொருவர் அலிஸ்டர் மெக்கன்சி. இங்கிலாந்தின் யார்க்‌ஷர்க்காரர், மருத்துவம் படித்தவர். போயர் போருக்குப் போய், எதிரிகள் நிலத்தோடு நிலமாக ஒளிந்துகொள்வதைக் கவனித்து, பிறகு முதல் உலகப் போரில் உருமறைப்புக் கலையில் வேலை பார்த்தவர். நிலத்தைப் பார்க்கிற கண் அவருக்கு அங்கேயே வாய்த்துவிட்டது.

1920-ல் அவர் எழுதிய சிறு நூலில் நல்ல மைதானத்துக்குப் பதின்மூன்று இலக்கணங்கள் வகுத்தார். தரை ஏறி இறங்கிக் கிடக்கலாம், ஆனால் ஆட்டக்காரனை மலை ஏற வைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அப்படிப்பட்டவரை அழைத்துவந்து காட்டிய இடம் 365 ஏக்கர் குன்றுச்சரிவு. ஒரு காலத்தில் அவுரி பயிரிட நினைத்தவர் வாங்கிய நிலம். பிறகு பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மன்ஸ் குடும்பத்தின் பழமரச் செடிப்பண்ணை. இன்றும் ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடியின் பெயர்தான், பத்தாவதுக்குக் கமேலியா. உச்சியில் 1854-ல் கட்டிய பழைய வீடு, அதுவே இன்று கிளப் கட்டடம். அடிவாரத்தில் ரேஸ் ஓடை.

மெக்கன்சி செய்த தந்திரத்தை மைதானத்தின் வரைபடத்தில் பார்க்கலாம். உச்சியிலிருந்து ஓடை வரையுள்ள இறக்கத்தின் பெரும்பகுதியை ஒரே மூச்சில், பத்தாவது குழியிலேயே முடித்துவிடுகிறார். பதினொன்றில் மிச்சம் இறங்குகிறது. பன்னிரண்டும் பதின்மூன்றும் ஓடையோரம். ஏற்றத்தை மட்டும் பதினான்கு, பதினேழு, பதினெட்டு என்று தவணை முறையில் வசூலிக்கிறார். அவருடைய இலக்கணம் முழுதாகப் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். பதினெட்டாவது குழியில் கிரீன் வரை ஏறுகிறவரைக் கேட்டால் மலை ஏறுகிறேன் என்றுதான் சொல்வார்.

இந்தப் பத்தாவது குழி முதலில் பத்தாவதே இல்லை. 1934 மார்ச்சில் நடந்த முதல் போட்டியில் இதுதான் ஒன்றாவது குழி. ஓடைப் பள்ளத்தில் குளிர்காற்று தேங்கி, காலை உறைபனி விலக நேரமானது. அதனால்தான் முதல் ஒன்பதையும் பின் ஒன்பதையும் இடம் மாற்றினார்கள் என்கிறார்கள். மெக்கன்சி அதைப் பார்க்கவில்லை. போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரியில் காலமாகிவிட்டார்.

அவர் கிரீனை வைத்த இடமும் இன்று மாறிவிட்டது. சரிவின் அடியில், தாழ்வான இடத்தில் வைத்திருந்தார். பள்ளத்தில் தண்ணீர் தேங்காமல் என்ன செய்யும்? 1937-ல் பெரி மேக்ஸ்வெல் என்ற வடிவமைப்பாளர் அதைப் பெயர்த்துப் பின்னால் இருந்த மேட்டுக்குக் கொண்டுபோனார். குழி நீண்டது, கடினமானது. பழைய கிரீனுக்குப் பக்கத்தில் மெக்கன்சி வெட்டிய மணல்குழி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இலை இலையாக விரல் நீட்டி, அறுபது கெஜத்துக்கு வெள்ளை மணல். இன்றைய கிரீன் அதற்கு வெகுதூரம் பின்னால் இருக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் பந்து அதில் விழுவது அபூர்வம். அகஸ்டாவிலேயே அழகான மணல்குழிக்கு ஆட்டத்தில் வேலையே இல்லை.

சரிவு எழுதிய தீர்ப்புகள்

மாஸ்டர்ஸில் சமநிலை வந்தால் வெற்றியைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டம் இப்போது பதினெட்டாவது குழியில் தொடங்கும், அங்கேயும் முடியவில்லை என்றால் பத்தாவதுக்குப் போவார்கள். முன்பு நேராகப் பத்தாவதிலேயே தொடங்கினார்கள். அதனால் இந்தச் சரிவில் சரித்திரம் கொஞ்சம் அதிகமாகவே புரண்டு கிடக்கிறது.

1989-ல் ஸ்காட் ஹோக் இங்கே இரண்டரை அடி தூரப் பந்தைக் குழிக்குள் தட்டினால் போதும், மாஸ்டர்ஸ் வென்றவருக்குப் போடும் பச்சைக் கோட்டு அவருக்கு. தவறவிட்டார். அடுத்த குழியில் நிக் ஃபால்டோ ஜெயித்துவிட்டார். 2011-ல் கடைசி நாள் காலை நான்கு அடி முன்னிலையில் இருந்த ரோரி மெக்கில்ராய்க்கு வயது 21. பத்தாவது டீயில் அவர் அடித்த பந்து இடப்பக்கம் மரத்தில் பட்டு, விருந்தினர் குடில்களுக்கு நடுவே போய் நின்றது. தொலைக்காட்சி அதுவரை காட்டியே இராத இடம் அது. நான்கில் முடிக்க வேண்டியதை ஏழில் முடித்தார். அன்றைய மொத்தம் 80. மறு ஆண்டு இடக்கை ஆட்டக்காரர் பப்பா வாட்சன், வலப்பக்கக் காட்டில் பைன் சருகின் மேல் கிடந்த பந்தை நாற்பது கெஜம் போல வளைத்துக் கிரீனில் இறக்கிப் பட்டம் வாங்கினார்.

எனக்குப் பிடித்தது 2013. மழை, மங்கும் வெளிச்சம், கூடுதல் ஆட்டத்தின் இரண்டாவது குழி. ஆஸ்திரேலியாவின் ஆடம் ஸ்காட்டுக்குப் பன்னிரண்டு அடி தூரத்தில் வெற்றி. அதுவரை எந்த ஆஸ்திரேலியரும் மாஸ்டர்ஸ் ஜெயித்ததில்லை. பந்து ஒரு குழி அகலத்துக்குச் சற்று மேல் வளையும் என்பது ஸ்காட்டின் கணிப்பு. இருட்டில் சரியாகத் தெரியாமல் கேடி ஸ்டீவ் வில்லியம்ஸைக் கூப்பிட்டார். குறைந்தது இரண்டு குழி அகலம் வளையும் என்றார் வில்லியம்ஸ். அகஸ்டாவில் பழகியவர்கள் சொல்லும் ஒரு பாடம் உண்டு. கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும் சரி, பந்து ஓடை இருக்கும் பக்கமே சாயும். கிரீன் சமமாகத் தெரியலாம், ஆனால் அது ஒரு குன்றின் உடம்பில் ஒட்டியிருக்கிறது, கண் அதை மறந்துவிடும். ஸ்காட் கேடி சொன்னதைக் கேட்டார். பந்து உள்ளே போனது.

ஏற்றம் செய்கிற வேலை வேறு மாதிரி. ஒன்பதாவது கிரீன் மேட்டின் மேல் இருக்கிறது, அதன் முன்பகுதி சறுக்குமரம். 1996-ல் ஆறு அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கிய கிரெக் நார்மனின் பந்து அந்தக் கிரீனில் விழுந்து, பின்னோக்கிச் சுழன்று, சரிவில் இறங்கி ஃபேர்வேக்கே திரும்பி வந்தது. அன்று அவர் ஃபால்டோவிடம் ஐந்து அடி வித்தியாசத்தில் தோற்றார். பதினெட்டில் அதே புவியீர்ப்பு அருள்பாலிக்கவும் செய்யும். 1988-ல் ஸ்காட்லாந்தின் சாண்டி லைல் ஃபேர்வே மணல்குழியிலிருந்து செவன் அயர்னால் மேல்நோக்கி அடித்தார். பந்து கொடியைத் தாண்டிப் போய் விழுந்து, மேட்டிலிருந்து மெதுவாக உருண்டு கொடிப்பக்கம் வந்தது. பேர்டி. பட்டம். 2025-ல் மெக்கில்ராய் ஜஸ்டின் ரோஸுடனான கூடுதல் ஆட்டத்தில் அதே கிரீனில் கிட்டத்தட்ட அதையேதான் செய்தார், கொடியைத் தாண்டி அடித்துச் சரிவைக் கொண்டு பந்தைத் திருப்பி வரவழைத்தார். அன்று பகலில் பத்தாவது குழியிலும் அவர் எடுத்தது பேர்டிதான்.

நடை ஆட்டமா, இல்லையா?

மாஸ்டர்ஸில் வண்டி கிடையாது, நடக்க வேண்டும். நடப்பது கோல்ஃபின் பகுதியா என்ற கேள்வி ஒருமுறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வலது காலில் பிறவியிலேயே ரத்த ஓட்டக் குறைபாடு உள்ள கேசி மார்ட்டின், வண்டியில் போய் ஆட அனுமதி கேட்டார். களைப்பும் ஆட்டத்தின் அங்கம் என்று எதிர்த்தது, தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பி.ஜி.ஏ. டூர். பதினெட்டுக் குழி நடந்தால் சுமார் 500 கலோரிதான் செலவாகும், ஒரு பிக் மேக் பர்கரில் இருப்பதைவிடக் குறைவு என்று நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். 2001-ல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மார்ட்டின் ஜெயித்தார்.

தீர்ப்பில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சாட்சியில் உண்டு. மார்ட்டினுடன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் ஆடிய டைகர் வுட்ஸ், 2021 பிப்ரவரியில் கார் விபத்தில் வலது கால் நொறுங்கி, பதினான்கு மாதம் கழித்து அகஸ்டாவுக்கு வந்தார். பந்தை அடிப்பதில் சிக்கலில்லை, நடப்பதுதான் சிரமம் என்று முன்கூட்டியே சொன்னார். முதல் நாள் 71. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் 78, 78. மட்டை வீச்சு நான்கு நாளில் மறந்துபோகாது. கால்தான் தீர்ந்துபோனது. கலோரிக் கணக்கில் மேட்டுக்கென்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

வேடிக்கைக்கு ஒரு மலை

உயர வித்தியாசத்தை வைத்து விளையாடும் மைதானங்கள் வேறும் உண்டு. ஹவாயின் மாவித் தீவில் கபலுவா பிளான்டேஷன் மைதானம், அன்னாசி விளைந்த மலைச்சரிவில் 1991-ல் அமைந்தது. வடிவமைத்தவர்கள் பில் கூரும், இரண்டு முறை மாஸ்டர்ஸ் வென்ற பென் கிரென்ஷாவும். சரிவும் கடற்காற்றும் சேர்ந்தால் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது என்பதால் ஃபேர்வேக்களைத் தாராளமாக அகலமாக்கி வைத்தார்கள். 2018-ல் டஸ்டின் ஜான்சன் அங்கே 433 கெஜம் நீளப் பன்னிரண்டாவது குழியில் டீயிலிருந்து அடித்த பந்து, உருண்டு உருண்டு போய்க் குழிக்குச் சில அங்குலம் முன்னால் நின்றது. பார் நான்கு குழியை ஒரே அடியில் முடித்திருப்பார். அகலம் கொடுத்தால் சரிவு விளையாட்டாகும் என்பதற்கு அதுவே சாட்சி.

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் இருப்பது வேறு ரகம். ‘எக்ஸ்ட்ரீம் நைன்டீன்த்’ என்று பெயர். ஹாங்லிப் மலை உச்சியில் டீ, சுமார் 400 மீட்டர் கீழே ஆப்பிரிக்கக் கண்ட வடிவில் கிரீன். மேலே போக ஹெலிகாப்டர்தான். ஒரே அடியில் குழியில் போட்டால் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள்.

மூன்றடிக்கு ஒரு கெஜம் என்ற சூத்திரம் இங்கே உடைந்துபோகிறது. 400 மீட்டர் இறக்கம் என்றால் 400 மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். போகாது. காற்றின் உராய்வில் பந்தின் முன்னோக்கிய வேகம் கரைந்துகொண்டே வந்து, கடைசியில் பந்து கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது. என் தோராயக் கணக்கில் நூறு மீட்டர் சொச்சம்தான் லாபம். குழியின் தூரமோ 360 மீட்டர் போல, எனவே பலமாகத்தான் அடித்தாக வேண்டும். சாதாரண டிரைவ் ஆறேழு நொடியில் தரை தொடும். இங்கே கண்ணைவிட்டு மறைந்த பிறகும் பந்து விழுந்துகொண்டே இருக்கும். எங்கே விழுந்தது என்பதைக் கீழே இருப்பவர்தான் சொல்ல வேண்டும். படம் பிடிக்க அருமையான இடம். ஆனால் கணிப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. சரிவில் கால் ஊன்றும் சங்கடம் கிடையாது, இரண்டாவது அடிக்கான யோசனை கிடையாது. ஹெலிகாப்டர் செலவு உண்டு. அகஸ்டாவின் நூறடிப் பள்ளத்தில் இருக்கிற ஆட்டம் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பேன்.

நம் பக்கத்திலும் மலை மைதானங்களுக்குக் குறைவில்லை. ஊட்டியில், கொடைக்கானலில், இலங்கையின் நுவரெலியாவில் வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கோல்ஃப் ஆடத் தொடங்கிவிட்டார்கள். நுவரெலியா கிளப் 1889-ல் வந்தது, கொடைக்கானல் 1895-ல். கொடைக்கானலில் காட்டெருமை குறுக்கே வந்தால் அது போகும் வரை ஆட்டம் நிற்கும். ஏழாயிரம் அடிக்கும் மேல் இருக்கும் ஊட்டியில் காற்று மெல்லியது. சென்னையில் அடிக்கிற தூரத்தைவிட எட்டு சதவிகிதம் போலப் பந்து கூடுதலாகப் போகும். அதோடு குன்றுக்குக் குன்று தாவும் இறக்கமும் சேரும்போது, சமவெளியிலிருந்து வந்தவர் முதல் நாள் எல்லா அடியையும் கிரீனைத் தாண்டித்தான் போடுவார்.

அடுத்த ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பார்க்க நேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். கேமரா பந்தைத் துரத்தும், நீங்கள் துரத்தாதீர்கள். அடிப்பதற்கு முன் ஆட்டக்காரரின் கால்களைப் பாருங்கள். எந்த முட்டி அதிகம் மடங்கியிருக்கிறது, பந்து பாதத்துக்கு மேலா கீழா என்று கவனித்தால், டி.வி. மறைத்த சரிவு தெரிந்துவிடும், பந்து எந்தப் பக்கம் போகும் என்பதையும் பாதி ஊகித்துவிடலாம். கடைசி நாள் ஆட்டம் நம் நேரப்படி திங்கட்கிழமை விடியற்காலை நாலு, நாலரை மணி வரை போகும்.